டெலிவிஷன் பெட்டிக்குள் ஒரு டென்னிஸ் மைதானம்

"தாதர் டி.டி." என்று பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்காத தமிழர் மும்பையில் இருக்க மாட்டார். அந்த "டி.டி." என்றால் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். சிறு வயதில் நானும் அதை "டேபிள் டென்னிஸ்" என்றுதான் நினைத்திருந்தேன். "டிராம் டெர்மினஸ்" என்பதன் சுருக்கம் அது என்று அப்பா சொன்னபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. 1964-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதியோடு இந்த நகரத்தில் டிராம் வண்டிகள் நின்றுவிட்டன. தண்டவாளமும் போயிற்று. பெயர் மட்டும் இன்றும் நிலைத்து நிற்கிறது.

ஆனால் நான் நினைத்தது முழுத் தவறு என்றும் சொல்ல முடியாது. தாதரில் ஒரு காலத்தில் டென்னிஸ் நடந்தது. மட்டை கிடையாது. பந்து கிடையாது. மைதானமும் கிடையாது. எங்கள் சாலின் இரண்டாவது மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில், ஒரு டெலிவிஷன் பெட்டிக்குள் அந்த டென்னிஸ் நடந்தது!

மஸ்கட்டில் இருந்து வந்த பெட்டி

1980-ம் ஆண்டு மே மாத விடுமுறை. மஸ்கட்டில் வேலை பார்த்த என் பெரியப்பா மகன் ஊருக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கினார். அவர் சூட்கேசைத் திறந்தால் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து விடுவோம். அம்மாவுக்கு நைலக்ஸ் சேலை, அப்பாவுக்கு ஒரு டார்ச் லைட். எனக்கு என்று அவர் எடுத்துக் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதில் இருந்து இரண்டு வயர்கள் தொங்கின. ஒவ்வொரு வயரின் முனையிலும் ஒரு கைப்பிடி. கைப்பிடியின் மேல் ரேடியோவில் இருப்பது போன்ற ஒரு திருகு.

"இது டி.வி. கேம்டா. டெலிவிஷனில் டென்னிஸ் ஆடலாம்" என்றார் அண்ணன்.

அந்தக் காலத்தில் தூர்தர்ஷன் மாலையில்தான் வரும். பகல் முழுவதும் பெட்டி மரக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். அண்ணன் கதவைத் திறந்தார். ஆன்டெனா வயரைப் பிடுங்கி, அந்த இடத்தில் விளையாட்டுப் பெட்டியின் வயரைச் செருகினார். சானல் திருகை மெல்லத் திருப்பினார். திடீரென்று திரை கறுத்தது. நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. அதுதான் வலை. இடது பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, வலது பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. அவைதான் மட்டைகள். நடுவே ஓடிய சின்னஞ்சிறு சதுரப் புள்ளிதான் பந்து!

கைப்பிடியில் உள்ள திருகைத் திருப்பினால் கோடு மேலும் கீழும் போகும். புள்ளி கோட்டில் பட்டால் "டொக்" என்று சத்தம். தவறினால் எதிராளிக்கு ஒரு புள்ளி. முதலில் 15 எடுப்பவர் ஜெயித்தவர். இவ்வளவுதான் ஆட்டம்.

பக்கத்து அறையில் ஒரு மராத்திக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பையன் என் வயதுக்காரன். அவன் அப்பா ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஒரு கைப்பிடி எனக்கு, மறு கைப்பிடி அவனுக்கு. என் கோட்டுக்கு நான் "விஜய் அமிர்தராஜ்" என்று பெயர் வைத்தேன். அவன் கோட்டுக்கு "போர்க்" என்று அவன் பெயர் வைத்தான். அதற்கு முந்திய ஆண்டு, 1979-ல்தான், விம்பிள்டன் இரண்டாவது சுற்றில் போர்க்கை ஐந்தாவது செட் வரை இழுத்துச் சென்று விஜய் தோற்றிருந்தார். அந்தத் தோல்விக்கு தாதரில் நான் பழி வாங்கினேன்!

அப்பாவுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, அசையாத வெள்ளைக் கோடு நீண்ட நேரம் நின்றால் பிக்சர் டியூப் கெட்டுவிடும் என்பது. இரண்டாவது, அந்தப் பெட்டி விழுங்கிய பேட்டரி செல்கள். ஒரு தடவைக்கு ஆறு செல். எனவே அப்பா ஒரு சட்டம் போட்டார்.

"இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் சுவிட்சைப் போடணும். ஒத்தை ஆள் ஆட செல்லை வீணாக்கக் கூடாது."

செல் செலவை மிச்சம் பிடிக்க அப்பா போட்ட சட்டம் அது. ஆனால் அதுதான் அந்த விளையாட்டின் உயிர்நாடியும் கூட என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பெட்டியின் கதையைத் தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டேன்.

மதுக்கடையில் ஒரு எந்திரம்

மும்பை நகரம், அதாவது அன்றைய பம்பாய், டெலிவிஷனை முதன்முதலில் பார்த்தது 1972-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. டெல்லிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் டெலிவிஷன் நிலையம் வந்த நகரம் இதுதான். சென்னை வாசிகள் அதற்கு 1975 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாம் டெலிவிஷன் பெட்டியில் படம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், அமெரிக்காவில் சிலர் டெலிவிஷன் பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதனுடன் விளையாடத் தொடங்கிவிட்டார்கள்!

கலிபோர்னியா மாநிலத்தில் சன்னிவேல் என்று ஓர் ஊர். அங்கே "ஆண்டி கேப்ஸ்" என்று ஒரு மதுக்கடை. 1972-ம் ஆண்டின் பிற்பகுதியில் அந்தக் கடையின் ஒரு மூலையில் ஒரு மரப்பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார்கள். அதற்குள் ஒரு சாதாரண கறுப்பு வெள்ளை டெலிவிஷன். முன்னால் இரண்டு திருகுகள். ஒரு காசு போடும் துளை. 25 சென்ட் நாணயம் போட்டால் ஆட்டம் தொடங்கும். ஆட்டத்தின் பெயர் "பாங்".

அதை வைத்தது "அடாரி" என்ற புதிய கம்பெனி. நோலன் புஷ்னல், டெட் டாப்னி என்ற இரண்டு என்ஜினீயர்கள் அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் அதைத் தொடங்கியிருந்தார்கள். புஷ்னலுக்கு அப்போது வயது 29. எந்திரத்தைச் செய்தவர் அவர்கள் வேலைக்கு எடுத்த ஆலன் அல்கார்ன் என்ற இளைஞர். வயது 24.

வேடிக்கை என்னவென்றால், அல்கார்னுக்கு அது விற்பனைக்கு உரிய பொருள் என்றே தெரியாது. புதிய ஆளுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று, "ஒரு பெரிய கம்பெனி ஆர்டர் கொடுத்திருக்கிறது. ஒரு பந்து, இரண்டு மட்டை, ஸ்கோர். இவ்வளவு போதும்" என்று புஷ்னல் ஒரு பொய் சொன்னார். அப்படி ஓர் ஆர்டரே கிடையாது! அல்கார்ன் அதை உண்மை என்று நம்பி, சொன்னதற்கு மேலேயே செய்து கொடுத்துவிட்டார்.

கோளாறு என்ன?

எந்திரத்தை வைத்து சில நாட்கள் ஆயின. மதுக்கடையில் இருந்து அல்கார்னுக்கு டெலிபோன் வந்தது.

"உங்கள் எந்திரம் ஓடவில்லை. வந்து பாருங்கள்."

அல்கார்ன் ஓடினார். பெட்டியைத் திறந்தார். வயர் எதுவும் அறுந்திருக்கவில்லை. எந்தப் பாகமும் எரிந்திருக்கவில்லை. காசு விழும் டப்பாதான் நிரம்பி வழிந்து கொண்டிருந்தது! இனி ஒரு காசு கூட உள்ளே போக இடம் இல்லை. கோளாறு அதுதான்.

இப்படி ஒரு கோளாறு வர எந்த வியாபாரியும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த நவம்பர் மாதம் "பாங்" விற்பனைக்கு வந்தது. அடாரி கம்பெனி 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எந்திரங்களை விற்றது. அதைப் பார்த்து மற்றக் கம்பெனிகள் செய்து விற்ற நகல்கள் இன்னும் ஏராளம்.

இந்த ஆட்டத்துக்கு ஏன் இப்படிக் கூட்டம் வந்தது? சொல்லிக் கொடுக்கவே தேவை இல்லை என்பது ஒரு காரணம். பந்தைத் தவற விடாதே என்று எந்திரத்தின் மேல் எழுதியிருந்த ஒரு வரிதான் பாடம். ஒரு கையால் ஆடலாம் என்பது இன்னொரு காரணம். ஒரு கையில் கோப்பை, மறு கையில் திருகு! மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அதைத் தனி ஆள் ஆட முடியாது. தனியாக வந்தவர் பக்கத்தில் நிற்பவரைத்தான் கூப்பிட வேண்டும். முன்பின் தெரியாத இரண்டு பேர் தோளோடு தோள் நின்று ஆடினார்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத விளையாட்டு

இன்று செல்போன் விளையாட்டு என்றால், யாரோ எழுதிய "புரோகிராம்" உள்ளே ஓடுகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். "பாங்" எந்திரத்தில் புரோகிராம் கிடையாது. கம்ப்யூட்டரும் கிடையாது. சாதாரண மின்னணுச் சில்லுகளை இணைத்த ஒரு சர்க்யூட் பலகைதான். "பந்து எங்கே? மட்டை எங்கே? இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா?" என்று அந்தச் சர்க்யூட் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். டெலிவிஷன் திரையில் மின்கதிர் கோடு கோடாகப் படத்தை வரைகிறது அல்லவா? எந்த நேரத்தில் கதிரை வெளிச்சமாக்கினால் எந்த இடத்தில் புள்ளி விழும் என்று கணக்குப் போட்டுச் செய்த வேலை அது.

அல்கார்ன் அதில் சில நுணுக்கங்களைச் சேர்த்தார். ஒவ்வொரு மட்டையையும் 8 துண்டுகளாகப் பிரித்தார். பந்து எந்தத் துண்டில் படுகிறதோ, அதற்கு ஏற்ற கோணத்தில் திரும்பும். நடுவில் பட்டால் நேராகப் போகும். ஓரத்தில் பட்டால் சாய்வாகப் பாயும். இரண்டு பேரும் விடாமல் அடித்துக்கொண்டே போனால் பந்தின் வேகம் கூடும்.

ஒரு குறையும் இருந்தது. மட்டை திரையின் உச்சி வரை போகாது. கொஞ்சம் இடைவெளி விழுந்தது. அல்கார்ன் அதைச் சரி செய்யாமல் விட்டுவிட்டார். அந்த இடைவெளி இல்லாவிட்டால், கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருந்திருப்பார்கள். அடுத்த காசு விழாது! குறையே வியாபாரத்துக்குக் கை கொடுத்தது.

சத்தத்துக்கும் ஒரு கதை உண்டு. மட்டையில் பட்டால் கூட்டம் ஆரவாரம் செய்ய வேண்டும் என்றார் புஷ்னல். தவறினால் கேலிக் குரல் வர வேண்டும் என்றார் டாப்னி. அதற்கெல்லாம் சில்லுக்கு எங்கே போவது? சர்க்யூட்டில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு ஒலியை எடுத்து இணைத்துவிட்டார் அல்கார்ன். பிற்பாடு உலகம் முழுவதும் கேட்ட அந்த "டொக்" அப்படிப் பிறந்ததுதான்.

யார் தகப்பன்?

அப்படியானால் டெலிவிஷன் டென்னிசைக் கண்டுபிடித்தவர் புஷ்னலா? அல்கார்னா? இரண்டு பேரும் இல்லை என்று சொன்னது கோர்ட்டு!

இதற்கு நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1958-ம் ஆண்டு அக்டோபர் மாதம், நியூயார்க் மாநிலத்தில் உள்ள புரூக்ஹேவன் அணு ஆராய்ச்சிக் கூடத்தைப் பொதுமக்கள் பார்க்க வந்தார்கள். சும்மா நின்று எந்திரங்களைப் பார்த்தால் அவர்களுக்குச் சலிப்புத் தட்டுமே என்று, வில்லியம் ஹிகின்பாதம் என்ற விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். மின் அலைகளைக் காட்டும் ஆசிலாஸ்கோப் திரையில், ஒரு பந்து வலையைத் தாண்டித் தாண்டிப் பறக்கும்படி செய்தார். இரண்டு பேர் ஆடலாம். மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். அணுகுண்டு செய்த குழுவில் வேலை பார்த்தவர் அவர். அந்த விளையாட்டுக்கு அவர் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை.

அடுத்தவர் ரால்ப் பேர். ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி, 1938-ல் ஜெர்மனியில் இருந்து அமெரிக்காவுக்கு ஓடி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. ராணுவத் தளவாடங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் என்ஜினீயராக இருந்தார். 1966-ம் ஆண்டு நியூயார்க் பஸ் நிலையத்தில் பஸ்சுக்குக் காத்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. லட்சக்கணக்கான வீடுகளில் டெலிவிஷன் பெட்டி இருக்கிறது. அதைப் பார்க்க மட்டும்தான் முடியுமா? விளையாடினால் என்ன? மறுநாள் செப்டம்பர் 1-ந் தேதி, அந்த யோசனையை நான்கு பக்கங்களில் எழுதி வைத்தார்.

இரண்டு உதவியாளர்களுடன் சேர்ந்து அவர் செய்த பெட்டிதான், 1972-ல் "மேக்னவாக்ஸ்" கம்பெனியின் "ஒடிசி" என்ற பெயரில் கடைக்கு வந்தது. வீட்டு டெலிவிஷனில் இணைத்து ஆடும் உலகின் முதல் விளையாட்டுப் பெட்டி அது. அதில் மேஜை டென்னிசும் இருந்தது. ஸ்கோரை அது காட்டாது. ஆடுகிறவர்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். மைதானத்தின் படம் வேண்டும் என்றால், படம் அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் தாளை டெலிவிஷன் திரை மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்!

விருந்தினர் புத்தகம்

"பாங்" எந்திரம் சக்கைப் போடு போடுவதைப் பார்த்த மேக்னவாக்ஸ் கம்பெனி, 1974-ல் அடாரி மீதும் மற்றும் சில கம்பெனிகள் மீதும் வழக்குப் போட்டது.

வழக்கில் முக்கியமான சாட்சி ஒரு நோட்டுப் புத்தகம். 1972-ம் ஆண்டு மே 24-ந் தேதி கலிபோர்னியாவில் ஒரு ஓட்டலில், "ஒடிசி" பெட்டியை வியாபாரிகளுக்குக் காட்டினார்கள். வந்தவர்கள் கையெழுத்துப் போட ஒரு விருந்தினர் புத்தகம் வைத்திருந்தார்கள். அதில் இருந்த கையெழுத்துகளில் ஒன்று, நோலன் புஷ்னல்! அல்கார்னுக்கு அவர் "பயிற்சி" கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

அடாரி கம்பெனி வழக்கை நடத்தவில்லை. 1976-ல் பணம் கட்டி, உரிமம் வாங்கிக்கொண்டு சமரசமாகப் போய்விட்டது. மற்றக் கம்பெனிகள் வழக்கை நடத்தித் தோற்றன. 1977 ஜனவரியில் சிகாகோ நீதிபதி ஜான் கிரேடி, பேரின் காப்புரிமைதான் வீடியோ விளையாட்டுத் துறைக்கே முன்னோடி என்று தீர்ப்பில் சொன்னார். அடுத்து வந்த ஆண்டுகளில் இந்தக் காப்புரிமைகளால் கிடைத்த தொகை 10 கோடி டாலரைத் தாண்டியது. 1980-களில் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி, ஹிகின்பாதம் 1958-லேயே இதைச் செய்துவிட்டார் என்று வாதாடிப் பார்த்தது. ஆசிலாஸ்கோப் வேறு, டெலிவிஷன் வேறு என்று கூறி, கோர்ட்டு அந்த வாதத்தை ஏற்கவில்லை.

நம்மவர்களில் எத்தனை பேர் இந்த ஊருக்கு வந்து டைப்ரைட்டரையும் சுருக்கெழுத்தையும் நம்பிப் பிழைத்தார்கள்! கோட்டைப் பகுதி ஆபீசுகளில் பைல் கட்டியவர்களுக்கு இந்தக் கதையின் நீதி உடனே புரியும். யோசனை எல்லோருக்கும் வரும். தேதி போட்டு எழுதி வைத்தவர்தான் கோர்ட்டில் ஜெயிப்பார்.

கடையில் இருந்து வீட்டுக்கு

காசு போட்டு ஆடிய ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும் என்று அடாரிக்கும் ஆசை வந்தது. மரப்பெட்டி நிறைய இருந்த சர்க்யூட்டை, விரல் நகம் அளவுச் சில்லு ஒன்றில் அடக்கினார்கள். ஆனால் பொம்மை வியாபாரிகள் யாரும் அதை வாங்க முன்வரவில்லை. கடைசியில் "சியர்ஸ்" என்ற பெரிய கடையின் விளையாட்டுச் சாமான் பிரிவுதான் கை கொடுத்தது. 1975 கிறிஸ்துமசுக்குள் எத்தனை செய்து தர முடியும் என்று கேட்டார்கள். 75 ஆயிரம் என்றார் புஷ்னல். ஒன்றரை லட்சம் வேண்டும் என்றார்கள்! விலை 100 டாலருக்குச் சற்றுக் குறைவு. அன்றைய கணக்கில் நம் ரூபாயில் 800-க்கு மேல். அந்தக் காலத்தில் இங்கே பலருக்கு மாதச் சம்பளமே அவ்வளவு கிடையாது.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் பெரிய மாற்றம். "ஜெனரல் இன்ஸ்ட்ருமெண்ட்" என்ற கம்பெனியின் ஸ்காட்லாந்து தொழிற்கூடத்தில் ஒரு சில்லைத் தயாரித்தார்கள். டென்னிஸ், கால்பந்து, ஸ்குவாஷ், துப்பாக்கி சுடுதல் என்று 6 ஆட்டங்கள் அந்த ஒரே சில்லில் அடங்கின. அதை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம். ஒரு பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு திருகு, கொஞ்சம் வயர் இருந்தால் எந்தக் கம்பெனியும் டி.வி. கேம் செய்துவிடலாம்! அமெரிக்காவில் "டெல்ஸ்டார்" என்ற பெயரில் வந்தது. ஐரோப்பாவிலும் ஹாங்காங்கிலும் எண்ணற்ற பெயர்களில் வந்தது. ஜப்பானில், சீட்டுக்கட்டு செய்து வந்த நிண்டெண்டோ கம்பெனி, 1977-ல் இதே போன்ற டென்னிஸ் பெட்டியைத்தான் தன் முதல் வீட்டு விளையாட்டுப் பெட்டியாக விற்றது.

அந்தச் சில்லில் இரண்டு வகை உண்டு. அமெரிக்க டெலிவிஷன் 525 கோடுகளில் படம் வரையும். நம்முடையது 625 கோடு. வளைகுடா நாடுகள் பலவற்றிலும் நம்மைப் போலவே 625 கோடு. எனவே நியூயார்க்கில் இருந்து ஒருவர் பெட்டி வாங்கி வந்திருந்தால், தாதரில் படம் நிற்காமல் உருண்டு ஓடியிருக்கும். மஸ்கட்டில் வாங்கியது அப்படியே பொருந்தியது. வெளிநாட்டுச் சாமானுக்குக் கடுமையான கட்டுப்பாடும் வரியும் இருந்த அந்த நாளில், அரபு நாட்டுக்குப் போன பிள்ளைகளின் சூட்கேஸ்தான் எங்களுக்கு சியர்ஸ் கடை!

தனி ஆளுக்கு ஒரு ஆட்டம்

இதற்கிடையே அடாரியில் இன்னொரு யோசனை பிறந்தது. "பாங்" ஆட இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. தனியாக வருகிறவன் காசு போடாமல் போய்விடுகிறானே! அவனுக்கு என்ன வழி?

எதிராளியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செங்கல் சுவர் ஒன்றை வைத்தார்கள். பந்தை அடித்து அடித்துச் சுவரை உடைக்க வேண்டும். 1976-ல் வந்த அந்த ஆட்டத்தின் பெயர் "பிரேக்அவுட்". அதைச் செய்யும் வேலை, அடாரியில் இருந்த ஓர் இளைஞரிடம் கொடுக்கப்பட்டது. அவர் தன் நண்பரை அழைத்து வந்தார். அந்த நண்பர் நான்கு இரவுகள் தூங்காமல் சர்க்யூட்டை வரைந்து முடித்தார். இளைஞர் பெயர் ஸ்டீவ் ஜாப்ஸ். நண்பர் பெயர் ஸ்டீவ் வாஸ்னியாக். பின்னர் "ஆப்பிள்" கம்பெனியைத் தொடங்கியவர்கள் இவர்கள்தான். அதற்கு முன்பு, 1974-ல், ஜாப்ஸ் ஞானம் தேடி இந்தியாவுக்கு வந்து சில மாதங்கள் சுற்றினார் என்பது பலருக்குத் தெரியும். அந்தப் பயணத்துக்கு அவர் பணம் சேர்த்தது அடாரியில் வாங்கிய சம்பளத்தில்தான்!

அதன் பிறகு வந்த பெரிய ஆட்டங்களைத் தனி ஆளாகவே ஆடலாம். வானத்தில் இருந்து இறங்கும் எதிரிகளைச் சுடும் ஆட்டம் 1978-ல் வந்தது. வாயைத் திறந்து புள்ளிகளைத் தின்னும் ஆட்டம் 1980-ல் வந்தது. எதிரே ஆள் வேண்டாம். எந்திரமே எதிராளி.

இந்த எந்திரங்கள் நம் ஊர் வீடியோ கேம் கடைகளுக்கு வந்தபோது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறார்கள் என்று பெற்றோர் புகார் சொன்னார்கள். சூதாட்டம் நடக்கிறது என்றும் பேச்சு வந்தது. கர்நாடகத்தில் இருந்து போன ஒரு வழக்கில், இத்தகைய கடைகளுக்கு உரிமம் வேண்டும் என்று அரசு கட்டுப்படுத்தலாம் என 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. வீட்டிலும் "வீடியோ கேம்" என்றாலே திட்டு விழுந்தது.

எங்கள் வீட்டுப் பெட்டிக்கு அந்தத் திட்டு விழவில்லை. அதற்குக் காரணம் அப்பாவின் சட்டம்தான். இரண்டு பேர் இருந்தால்தானே சுவிட்ச்!

வேலை நிறுத்தம்

1982-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி, மும்பை பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். டாக்டர் தத்தா சாமந்த் தலைமை. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். ஒரு மாதத்தில் முடியும் என்றார்கள். இரண்டு மாதம் என்றார்கள். அந்தப் போராட்டம் முடிந்தது என்று யாரும் முறைப்படி அறிவிக்கவே இல்லை. பரேல், லால்பாக், தாதர் பக்கம் காலையில் ஊதும் ஆலைச் சங்குகள் ஓய்ந்தன. சம்பளம் இல்லாமல் எத்தனை நாள் வாடகை கொடுப்பது? ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சொந்த ஊருக்குத் திரும்பின.

பக்கத்து அறைக் குடும்பமும் அந்தக் கோடையில் கொங்கணத்துக்குப் புறப்பட்டது. முதல் நாள் மாலை என் நண்பன் வந்தான். ஆடினோம். அவன்தான் ஜெயித்தான். அவன் எப்போதும் தன் மொழியில் ஸ்கோர் சொல்வான். நான் தமிழில் சொல்வேன். தென்னிந்தியர்கள் மேல் இந்த நகரத்தில் கசப்பாகப் பேசப்பட்ட காலம் போய் அதிக நாள் ஆகவில்லை. அந்த அறையில் இருந்த ஒரே எல்லை, நடுவில் தெரிந்த அந்தப் புள்ளிக் கோடுதான். அதன் இரண்டு பக்கமும் நாங்கள் இருந்தால்தான் ஆட்டம்.

"திரும்பி வந்ததும் ஆடலாம்" என்றான். அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த அறைக்கு வேறு குடித்தனம் வந்தது.

அதன் பிறகு பெட்டியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. தனியாக ஆட அந்தப் பெட்டியில் "பயிற்சி" என்று ஓர் ஆட்டம் இருந்தது. சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அப்பாவின் சட்டம் இருக்கிறதே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். அப்பா எதுவும் பேசாமல் பரண் மேல் இருந்து பெட்டியை இறக்கினார். கடைக்குப் போய்ப் புதிதாக ஆறு செல் வாங்கி வந்து போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம் திருப்பினால் மேலே போகும்?" என்று கேட்டார்.

அவருக்குத் திருகு பிடிபடவே இல்லை. பந்து இடது மூலைக்குப் போனால் அவர் உடம்பே இடது பக்கம் சாயும். 15-க்கு 2 என்று தோற்றார். சமையல் அடுப்புப் பக்கம் இருந்து அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "இன்னொரு ஆட்டம்" என்றார் அப்பா. அன்று செல் தீரும் வரை ஆடினோம்.

இன்று அந்த ஆட்டம்

இன்று "ஆண்டி கேப்ஸ்" மதுக்கடை அந்தப் பெயரில் இல்லை. ரால்ப் பேருக்கு அமெரிக்க அரசு தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்துக் கவுரவித்தது. அவர் 2014-ல் காலமானார். டாப்னி 2018-ல் மறைந்தார். அந்தப் பழைய மரப்பெட்டி எந்திரங்களை இப்போது பொருட்காட்சிச் சாலைகளில் வைத்திருக்கிறார்கள். விளையாட்டுத் தொழிலோ சினிமாத் தொழிலையே மிஞ்சி நிற்கிறது.

தாதர் ரெயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். மேற்கு ரெயில்வேயும் மத்திய ரெயில்வேயும் சந்திக்கும் இடம் அது. மனித வெள்ளம் ஓடும். வண்டிக்குள் ஏறினால், இடம் கிடைத்தவர் கையிலும் கிடைக்காதவர் கையிலும் செல்போன். அதில் பாதி விளையாட்டு. மஸ்கட்டில் இருந்து யாரும் கொண்டு வர வேண்டியது இல்லை. செல் வாங்க வேண்டாம். பிக்சர் டியூப் கெட்டுப் போகும் என்ற பயம் இல்லை. பக்கத்தில் ஒரு ஆளும் தேவை இல்லை.

இதைக் குறை என்று நான் சொல்லவில்லை. அசதியாக வீடு திரும்புகிறவனுக்கு அரை மணி நேரம் அது ஒரு ஆறுதல்தான். ஆனால் வீட்டுக்குப் போனதும் பிள்ளை போனும் கையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால், திட்டுவதற்கு முன்பு ஒரு காரியம் செய்து பாருங்கள். அந்தப் போனிலேயே இரண்டு பேர் ஆடும் ஆட்டங்கள் இருக்கின்றன. இரண்டு கோடும் ஒரு புள்ளியும் கொண்ட அந்தப் பழைய டென்னிசும் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தப் பக்கம் தள்ளினால் மேலே போகும்?" என்று கேளுங்கள்.

தோற்றுத்தான் போவீர்கள். பரவாயில்லை. என் அப்பாவும் 15-க்கு 2 என்றுதான் தோற்றார்.